மாத்திரைக்கும் வெயிலுக்கும் நடுவே 2 மணி நேரம்: சொராலன் சிகிச்சைக்குப் புதியவர்களுக்கு

வெண்புள்ளிக்கோ சோரியாசிஸுக்கோ தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் சிலர் கையில் ஒரு விசித்திரமான சீட்டு இருக்கும். "காலை சாப்பிட்டதும் மாத்திரை. 2 மணி நேரம் கழித்து 5 நிமிடம் வெயில். வாரம் 3 நாள்." மாத்திரையை மருந்துக்கடையில் கொடுத்துவிடுவார்கள். வெயிலை எப்படி அளந்து எடுத்துக்கொள்வது, அதற்குப் பிறகு அந்த நாள் முழுக்க எப்படி நடமாடுவது என்பதையெல்லாம் கூட்டமான ஓ.பி.யில் டாக்டர் வேகமாகச் சொல்லியிருப்பார். நம் காதில் பாதிதான் விழுந்திருக்கும். விட்டுப்போன அந்தப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டாக்டர் எழுதிக் கொடுக்காமல் யாரும் இதைத் தானாக ஆரம்பிக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமானது என்று அவர் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குகிற பழக்கம் நம்மிடம் உண்டு. வேறு மருந்தில் அது வயிற்றுவலியோடு போகலாம், இதில் முகம் முழுக்கக் கொப்பளித்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

சொராலன் என்பது சில செடிகளில் இயற்கையாகவே இருக்கும் ஒரு வேதிப்பொருள் குடும்பம். மருந்தாக அதிகம் புழங்குவது இரண்டு: மெத்தாக்ஸலென், ட்ரையாக்ஸலென். வெறும் மாத்திரையாக விழுங்கிவிட்டு இருட்டறையில் படுத்துக்கொண்டால் தோலுக்கு ஒன்றும் ஆகாது. உடம்பில் கலந்து தோலுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் யு.வி.ஏ. என்கிற, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் பட வேண்டும். அலைநீளம் 320 முதல் 400 நானோமீட்டர். கதிர் பட்டதும், அதுவரை செல்லின் டி.என்.ஏ. இழைகளுக்கு நடுவே சும்மா செருகிக்கொண்டிருந்த சொராலன், அந்த இழைகளோடு இறுக்கமாகப் பிணைந்துகொள்கிறது. சொராலன், யு.வி.ஏ. இரண்டையும் சேர்த்து இதற்கு 'புவா' சிகிச்சை என்று பெயர். யு.வி.ஏ. விளக்கு மெஷினுக்குப் பதிலாக வெயிலில் நின்றால் 'புவாசால்'.

சோரியாசிஸில் தோல் செல்கள் தறிகெட்ட வேகத்தில் பெருகுகின்றன. டி.என்.ஏ. பிணைந்ததும் அந்த வேகம் குறைகிறது. அழற்சியைக் கிளப்பும் வெள்ளணுக்களும் மடிகின்றன. வெண்புள்ளியில் கதை வேறு. அங்கே நிறம் தரும் செல்கள் தோல் பரப்பிலிருந்து காணாமல் போயிருக்கும். ஆனால் முடி வேர்களில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். சிகிச்சை அவற்றை உசுப்பிவிட்டுப் பெருகவைத்து மேலே வரச் செய்கிறது. அதனால்தான் நல்ல டாக்டர்கள் முதல் நாளே ஒரு லென்ஸை வைத்துத் திட்டின் மேல் உள்ள முடியைப் பார்ப்பார்கள். திட்டு வெள்ளையாக இருந்தாலும் முடி கறுப்பாக இருந்தால் நம்பிக்கை உண்டு. முடியும் நரைத்திருந்தாலோ, உதடு, விரல் நுனி போல முடியே இல்லாத இடமாக இருந்தாலோ பலன் குறைவு. முகமும் கழுத்தும் நன்றாகக் கேட்கும், கைவிரல்களும் பாதமும் கேட்காது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், விரல் நுனிக்காக ஒரு வருடம் வெயிலில் நின்றுவிட்டு மனம் உடைவதைத் தவிர்க்கலாம்.

இது புதுச் சரக்கும் இல்லை. நம் சித்த மருந்துகளில் வரும் கார்போகரிசி என்ற விதையில் சொராலன் இருக்கிறது. எகிப்தில் நைல் கரையில் விளையும் அம்மி மஜூஸ் என்ற செடியின் விதையையும் வெண்புள்ளிக்குக் கொடுத்து வெயிலில் நிற்கச் சொல்வார்கள். 1940களில் அந்த விதையிலிருந்து மெத்தாக்ஸலெனைப் பிரித்தெடுத்தார்கள். கெய்ரோவில் எல் மொஃப்டி என்ற மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1948இல் எழுதினார். 1974இல் அமெரிக்காவின் பாஸ்டனில் பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக் குழுவினர் வெயிலுக்குப் பதில் யு.வி.ஏ. விளக்குகளை வைத்து சோரியாசிஸுக்குக் கொடுத்தபோதுதான் 'புவா' உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் குழுவில் மதுக்கர் பாதக் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானியும் இருந்தார்.

முதல் படி: எனக்கு இதுதானா என்று கேளுங்கள்

இன்று பல இடங்களில் டாக்டர்கள் முதலில் எழுதுவது நேரோபேண்ட் யு.வி.பி. அது 311 நானோமீட்டரை ஒட்டிய, இன்னொரு வகைப் புற ஊதாக் கதிர். மாத்திரை தேவையில்லை, குமட்டல் இல்லை, மற்ற நேரத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரிய வேண்டியதில்லை. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும்கூடக் கொடுக்கலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அந்த மெஷின் இருந்தால், "எனக்கு ஏன் அது வேண்டாம்?" என்று தயங்காமல் கேளுங்கள். நியாயமான காரணங்கள் இருக்கலாம்: தடித்த சோரியாசிஸ் படை, உள்ளங்கை உள்ளங்கால் நோய், யு.வி.பி.க்கு மசியாத வெண்புள்ளி. வாரம் 3 நாள் பஸ் ஏறி மெஷினுக்குப் போய்வர முடியாது என்பதும் காரணம்தான். புவாசால் நம் நாட்டில் இவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பதே அதனால்தான். வெயிலுக்குக் கட்டணம் இல்லை.

டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை: கர்ப்பம், கர்ப்பமாகும் திட்டம், பால் கொடுப்பது, வெயில் பட்டால் முகம் சிவந்து தடிக்கிற பழக்கம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் இருக்கலாம்), கல்லீரல் கோளாறு, கண்புரை அல்லது அதற்கான ஆபரேஷன், முன்பு தோல் புற்றுநோய் வந்தது, ரேடியேஷன் எடுத்தது. 12 வயதுக்குக் கீழே இந்த மாத்திரையைப் பொதுவாகக் கொடுப்பதில்லை.

அப்புறம் நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகள். அட்டையோடு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள், தையசைடு வகை பிரஷர் மாத்திரைகள், சல்ஃபா மருந்துகள் எல்லாம் தாமாகவே தோலை வெயிலுக்குக் கூசவைப்பவை. சொராலனோடு சேர்ந்தால் அதே 5 நிமிட வெயில் அதிகமாகப் பட்டுவிடலாம். சிகிச்சை நடுவில் சளிக் காய்ச்சலுக்கு வேறு டாக்டரிடம் போனாலும், "நான் சொராலன் எடுக்கிறேன்" என்பதை முதலில் சொல்லுங்கள். வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவர்களுக்கு இது தலைகீழ்: ரத்தத்தில் மெத்தாக்ஸலென் அளவு குறைந்து சிகிச்சை எடுபடாமல் போகும்.

ஆரம்பிக்கும் முன் கண் பரிசோதனையும், கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். செய்துவிடுங்கள்.

இரண்டாம் படி: மாத்திரைக்கு முன்னால் கண்ணாடி

மாத்திரை வாங்கிவிட்டுக் கண்ணாடியை அடுத்த மாதச் சம்பளத்துக்குத் தள்ளாதீர்கள். மாத்திரை தோலுக்கு மட்டும் போவதில்லை. கண் லென்ஸுக்கும் போகிறது. அங்கே யு.வி.ஏ. பட்டால் புரை விழும் அபாயம் உண்டு. மாத்திரை விழுங்கிய நிமிடத்திலிருந்து 24 மணி நேரத்துக்கு, வெளிச்சம் இருக்கும் நேரமெல்லாம் கண்ணாடி போட வேண்டும். வெயிலில் நிற்கிற 5 நிமிடத்துக்கு மட்டும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

கண்ணாடி கறுப்பாக இருந்தால் போதாது. 'யு.வி. 400' என்று குறித்திருக்க வேண்டும். பக்கவாட்டிலும் மூடி நெற்றியோடு ஒட்டி உட்கார வேண்டும். நடைபாதையில் விற்பது வேண்டாம். கண்ணாடிக் கடையில் யு.வி. தடுக்கிறதா என்று சோதித்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள். நிறமே இல்லாத வெள்ளைக் கண்ணாடியிலும் யு.வி. தடுப்பு கிடைக்கிறது. ஆபீசில் கூலிங் கிளாஸ் போட்டு உட்காரக் கூச்சப்படுகிறவர்களுக்கு அது பெரிய சௌகரியம்.

மூன்றாம் படி: அந்த நாள்

அளவு எடையைப் பொறுத்தது. மெத்தாக்ஸலெனுக்கு வழக்கமான கணக்கு ஒரு கிலோவுக்கு 0.6 மி.கி. 50 கிலோ இருப்பவருக்கு 30 மி.கி., அதாவது 10 மி.கி. மாத்திரை மூன்று. வெயில் சிகிச்சைக்கு இதைவிடக் குறைத்தோ, வேகம் குறைந்த ட்ரையாக்ஸலெனையோ எழுதலாம். கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள், மாற்றுவது டாக்டர் வேலை.

வெறும் வயிற்றில் போட்டால் குமட்டிப் புரட்டும். சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சாப்பாடாக இருக்கட்டும். திங்கட்கிழமை இரண்டு இட்லியும் புதன்கிழமை நெய் ஒழுகும் பொங்கலும் வடையும் என்றால், மருந்து ரத்தத்தில் ஏறும் வேகமும் அளவும் மாறிவிடும். அப்படி மாறினால் அதே 5 நிமிட வெயில் ஒரு நாள் குறைவாகவும் ஒரு நாள் அதிகமாகவும் படும். காபிப் பிரியர்களுக்கு ஒன்று: மெத்தாக்ஸலென் உடம்பில் காபியின் சத்தைக் கரைக்கும் வேலையைத் தாமதப்படுத்தும். வழக்கமான மூன்று டம்ளர் அன்றைக்குப் படபடப்பையும் தூக்கமின்மையையும் தரலாம். ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

8 மணிக்கு மாத்திரை என்றால் 10 மணிக்கு வெயில். தோலில் மருந்து உச்சத்தில் இருக்கும் நேரம் அது. போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு அலாரம்: ஒன்று வெயிலுக்குப் போக, மற்றொன்று உள்ளே வர. பின்னதுதான் முக்கியம். மாடியில் பேச்சுத்துணை கிடைத்துவிட்டால் 5 நிமிடம் 20 ஆவது தெரியாது.

எந்த மணிக்கு நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறாரோ, ஒவ்வொரு முறையும் அதே மணிக்கு நில்லுங்கள். 9 மணி வெயிலும் 12 மணி வெயிலும் ஒரே 'நிமிடம்' கிடையாது. திட்டு உள்ள இடத்தை மட்டும் காட்டி, மற்றதைத் துணியால் மூடுங்கள். வெண்புள்ளிக்காரர்களுக்கு இது இரட்டை லாபம்: சுற்றியுள்ள நல்ல தோல் கறுக்காமல் இருந்தால் திட்டு எடுப்பாகத் தெரியாது. முதலில் சில நிமிடம். தோல் தாங்குவதைப் பார்த்து மெல்லக் கூட்டுவார்கள்.

மெஷின் சிகிச்சை என்றால், ஆள் உயரத்துக்கு டியூப் விளக்குகள் சுற்றிலும் நிற்கும் ஒரு அலமாரிக்குள் கண் கவசத்தோடு நிற்க வேண்டும். உள்ளே கொஞ்சம் புழுங்கும், பயப்பட ஒன்றுமில்லை. கதவு பூட்டப்படாது, முடியவில்லை என்றால் தள்ளிக்கொண்டு வெளியே வரலாம். ஆண்கள் பிறப்புறுப்பை அவசியம் மூட வேண்டும். அந்த இடத்தில் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுவது நீண்ட கால ஆய்வுகளில் தெரிந்த விஷயம். கூச்சம் காரணமாக நர்ஸ் சொல்ல மறந்தாலும் நீங்களே கேட்டு மூடிக்கொள்ளுங்கள். சாயங்கால நேரம் கிடைத்தால் தட்டிப் பறித்துக்கொள்ளுங்கள்: 4 மணிக்கு மாத்திரை, 6 மணிக்கு மெஷின், வெளியே வரும்போது இருட்டிவிடும். பயப்பட வேண்டிய 24 மணி நேரத்தில் பாதி இரவிலேயே கழிந்துவிடும்.

அடுத்தடுத்த நாளில் மட்டும் எடுக்காதீர்கள். சாதாரண வெயில் எரிச்சல் மறுநாளே தெரிந்துவிடும். சொராலன் எரிச்சல் 2, 3 நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். திங்கள் பட்டது செவ்வாய் சாதுவாக இருக்கும், "ஒன்றும் ஆகலையே" என்று செவ்வாயும் நின்றால் வியாழக்கிழமை இரண்டும் சேர்ந்து வெடிக்கும். குறைந்தது 48 மணி நேர இடைவெளி வேண்டும்.

நான்காம் படி: மீதி 22 மணி நேரம்

விபத்துகள் பெரும்பாலும் மாடியில் நடப்பதில்லை. மாடியிலிருந்து இறங்கிய பிறகு நடக்கின்றன.

சாதாரண ஜன்னல் கண்ணாடி யு.வி.பி.யைத்தான் பெரும்பாலும் தடுக்கும், யு.வி.ஏ. அதன் வழியே தாராளமாக உள்ளே வரும். சிகிச்சை முடித்துவிட்டு பஸ்ஸில் வெயில் பக்கத்து ஜன்னல் சீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்தால், கணக்காக எடுத்த 5 நிமிடத்துக்கு அர்த்தமே இல்லை. காரில் முன் கண்ணாடி பரவாயில்லை, பக்கக் கண்ணாடியை நம்ப முடியாது. மேகமூட்டமும் காப்பாற்றாது. பைக்கில் போகிறவர்களுக்குப் புறங்கை எரிவது இதனால்தான். முழுக்கை சட்டை, கையுறை, ஹெல்மெட்டோடு போங்கள். வெளியே தெரியும் இடங்களில் யு.வி.ஏ.வையும் தடுக்கும் சன்ஸ்க்ரீன் பூசுங்கள். உதட்டை மறக்க வேண்டாம். வெயிலில் நிற்பதற்கு முன்னால் திட்டின் மேல் பூசிவிடாதீர்கள், சிகிச்சையே நடக்காது.

கல்யாணம், கோயில் திருவிழா, தேர், வயல் வேலை இருக்கும் நாளுக்கு முந்தைய நாள் மாத்திரை வேண்டாம். அந்த முறையைத் தள்ளிப்போடுவதால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் மட்டும், விட்ட இடத்து நிமிடத்திலேயே தொடராமல் டாக்டரைக் கேட்டுக் குறைத்து ஆரம்பியுங்கள்.

சமையலறையிலும் ஒரு எதிரி உண்டு. எலுமிச்சைத் தோலில் இருக்கும் எண்ணெயில் சொராலனின் உறவுக்காரப் பொருளான பெர்காப்டன் இருக்கிறது. எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் போனவர்களுக்கு, மாத்திரையே சாப்பிடாமல், சாறு வழிந்த தடத்திலேயே கோடு கோடாகக் கொப்புளமும் பிறகு கறுப்பும் வருவதுண்டு. சிகிச்சை நாளில் ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கும் வேலையை வேறு யாரிடமாவது தள்ளிவிடுங்கள். சென்ட்டும் அன்று வேண்டாம்.

லோஷன், ஊறவைத்தல்

திட்டு ஒன்றிரண்டுதான் என்றால் மாத்திரைக்குப் பதில் மேலே தடவும் லோஷன் தருவார்கள். கண்ணுக்கும் வயிற்றுக்கும் இது நல்லது. ஆனால் தோலை மாத்திரையைவிடச் சுலபமாகக் கொப்பளிக்க வைத்துவிடும். கடையில் கிடைக்கும் 1 சதவீத லோஷனை அப்படியே தடவி வெயிலில் நின்றவர்களுக்கு வந்த கொப்புளம், ஆறிய பிறகு திட்டைப் பழையதைவிடப் பெரிதாக்கிவிட்டுப் போனதுண்டு. வழக்கமாக 0.1 சதவீதம் அல்லது அதற்கும் கீழே நீர்க்கச் செய்துதான் பயன்படுத்துவார்கள். எதில், எத்தனை பங்கு கலப்பது என்று டாக்டர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.

பஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு, திட்டின் ஓரத்துக்கு உள்ளேயே நிறுத்தித் தடவுங்கள். வழியவிட்டால் நல்ல தோலில் கறுப்பு வளையம் விழும். சுமார் 20, 30 நிமிடம் கழித்து மிகக் குறைந்த நேர வெயில். உடனே சோப்புப் போட்டுக் கழுவி, மூடிவிடுங்கள். தடவிய கையையும் கழுவுங்கள். முகத்துத் திட்டுக்கு இதை வீட்டில் தனியாகச் செய்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உள்ளங்கை, உள்ளங்கால் சோரியாசிஸுக்கு மருந்து கலந்த நீரில் கையையோ காலையோ ஊறவைத்து, துடைத்த கையோடு மெஷினில் காட்டுவார்கள். இது ஆஸ்பத்திரியிலேயே நடப்பது.

எரிந்துவிட்டால்

மறுநாளோ அதற்கடுத்த நாளோ லேசான ரோஜா நிறம், வலியில்லாமல் இருந்தால் அதுதான் வேண்டியது. அடுத்த முறை வரைக்கும் அந்தச் சிவப்பு நீடித்தால் நிமிடத்தைக் கூட்டாதீர்கள். தொட்டால் வலி, வீக்கம், கொப்புளம் என்றால் சிகிச்சையை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். வெளிச்சத்துக்கே வராதீர்கள், பெட்ரூம் திரையையும் இழுத்து மூடுங்கள். எரிச்சல் இன்னும் ஏறும் என்பதால், "நாளைக்குப் பார்ப்போம்" வேண்டாம். மஞ்சள், வேப்பிலை அரைத்துப் பூசுவது, கொப்புளத்தை ஊசியால் குத்துவது எதுவும் கூடாது. தவறுதலாக மாத்திரை கூடுதலாக விழுங்கிவிட்டால், உடம்பையும் கண்ணையும் முழுக்க மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கார்போகரிசியும் பாகுச்சியோலும்

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசிப் பொடியும் எண்ணெயும் இயற்கை என்பதால் சாது என்று எண்ண வேண்டாம். அதிலும் அதே சொராலன்தான், அளவு மட்டும் யாருக்கும் தெரியாது. தடவிக்கொண்டு வெயிலில் நின்று வெந்தவர்கள் உண்டு. உள்ளே சாப்பிட்டதில் கல்லீரல் பாதிக்கப்பட்டதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. சித்த மருத்துவத்தில் போவதென்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். இப்போது சுருக்கம் போக்கும் சீரம்களில் வரும் 'பாகுச்சியோல்' அதே செடியிலிருந்து வந்தாலும் வேறு பொருள், அது சொராலன் வகையைச் சேர்ந்ததல்ல. 'பாகுச்சி ஆயில்' என்று எழுதியிருந்தால் மட்டும் உஷாராகுங்கள், அது கார்போகரிசி எண்ணெயேதான்.

எவ்வளவு நாள், எப்போது நிறுத்துவது

சோரியாசிஸுக்கு 20, 30 முறையிலேயே பெரும்பாலும் தெளிவு தெரியும். வெண்புள்ளிக்குப் பொறுமை வேண்டும். ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகலாம். நிறம் திரும்புவது திட்டின் மேல் கேழ்வரகு சிந்தியதுபோலப் பொட்டுப் பொட்டாகத்தான் ஆரம்பிக்கும். ஒவ்வொரு பொட்டும் ஒரு முடி வேர். பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கிறதே என்று பலர் இந்தக் கட்டத்தில் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் மருந்து வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம்; பொட்டுகள் பெருகி ஒன்றோடொன்று சேர்ந்து திட்டை மூடும். தினமும் கண்ணாடியில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மாதம் ஒரு முறை, அதே ஜன்னல் பக்கம், திட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் போட்டோ எடுங்கள்.

3, 4 மாதம் ஒழுங்காக எடுத்தும் ஒரு பொட்டுகூட வரவில்லை என்றால் வேறு வழி பார்க்கலாமா என்று டாக்டரிடம் நீங்களே பேச்சை எடுங்கள். பலன் இல்லாமல் கதிரை மட்டும் சேர்த்துக்கொண்டே போவதில் லாபமில்லை. காரணம், முறைகளின் எண்ணிக்கை கூடக்கூடத் தோலில் கரும்புள்ளியும் முதுமையும் தெரியும். 200 முறை போலத் தாண்டும்போது ஒருவகைத் தோல் புற்றுநோயின் வாய்ப்பும் ஏறுகிறது. இது வெள்ளைத் தோலினரிடம்தான் அதிகம் பார்க்கப்பட்டது. நம் நிறத்துக்கு அபாயம் குறைவு, அதற்காகக் கணக்கு வைக்காமல் இருக்க முடியாது. ஒரு சின்ன நோட்டில் தேதி, மாத்திரை அளவு, நிமிடம், மறுநாள் சிவப்பு எப்படி என்று நான்கு கட்டம் போட்டு எழுதி வாருங்கள். ஊர் மாறினாலும் டாக்டர் மாறினாலும், முதல் நாள் நீட்ட வேண்டியது அந்த நோட்டைத்தான். வருடம் ஒரு முறை கண் பரிசோதனைக்குப் போகும்போதும் அதை எடுத்துச் செல்லுங்கள்.